தனியாக வராத இருளப்பன்

மலையடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதில் இயற்பியல் துறை என்று ஒன்று இருந்தது. அந்தத் துறையில், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத ஓர் அம்மா இருந்தார்.

அவர் பெயர் ஜெசிந்தா. சின்ன வயதுப் பேராசிரியர். "இந்தச் சமன்பாடு சரியா மேடம்?" என்று யாராவது கேட்டால், "டீ குடிச்சாச்சா?" என்பார். கேட்டவர் போய் டீ குடிப்பார். பாதி டம்ளரில் தப்பு எங்கே என்று அவருக்கே தெரிந்துவிடும். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். அந்த டீக்கடையில் பாதி டீ மிஞ்சிய டம்ளர்கள் எப்போதும் இருக்கும்.

அவரிடம் பகுதி நேர ஆராய்ச்சி மாணவராக ஒருவர் சேர்ந்தார். பெயர் கோமதிநாயகம். தென்காசிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் ஆசிரியர். ஓய்வு பெறும் வயது.

படித்தது இயற்பியல் என்றாலும் அவருக்கு மனசு முழுக்க ஸ்பேனர்தான். வீட்டில் மிக்ஸி நின்றாலும், கல்லூரியில் மணி நின்றாலும், உடனே கழற்றிவிடுவார். திரும்ப மாட்டும்போது இரண்டு திருகு மிஞ்சும். "இது கம்பெனிக்காரன் தேவையில்லாமப் போட்டது" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மிக்ஸியும் ஓடத்தான் செய்யும்.

குருவுக்குச் சீடனின் மகள் வயது. அதனால் குரு சீடனை "சார்" என்றார். சீடன் குருவை "மேடம்" என்றார். சீடன் அறைக்குள் வந்தால் குரு மரியாதைக்கு எழுந்து நிற்பார். குரு நிற்கும்போது சீடன் எப்படி உட்காருவார்? அவரும் நிற்பார். இப்படி இரண்டு பேரும் நின்றுகொண்டே பல வருஷம் ஆராய்ச்சி செய்தார்கள்.

ஆராய்ச்சி குவார்க்குகளைப் பற்றி. உலகத்தில் எதை எடுத்துக்கொண்டாலும் அணு. அணுவுக்கு நடுவில் புரோட்டானும் நியூட்ரானும். அவை ஒவ்வொன்றுக்குள்ளும் மும்மூன்று குவார்க்குகள். இப்படி மூன்றாகக் கூடியிருப்பதற்குப் பாரியான் என்று பெயர். மூன்றுக்குப் பதில் ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் ஜோடியாக இருந்தால் அதற்கு மேசான் என்று பெயர். எந்தக் குவார்க்கையும் தனியாக யாரும் பார்த்ததில்லை. மூன்று குவார்க்குகளின் எடையைக் கூட்டினால் புரோட்டானின் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் வரும்; மிச்சமெல்லாம் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் விசையின் ஆற்றல்.

ஆய்வேடு எழுதி முடித்தாயிற்று. இனி வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். அதை எல்லோரும் வைவா என்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம்.

வைவாவுக்கு முந்தைய வாரம் கோமதிநாயகம் வந்து நின்றார். ஜெசிந்தாவும் எழுந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்க சார்."

"குவார்க்குன்னு ஒண்ணு நெசமாவே இருக்கா?"

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க ஆய்வேட்டுல அந்த வார்த்தை எங்கெல்லாம் வருது சார்?"

"பக்கத்துக்குப் பக்கம் வருது மேடம். அதான் பயமா இருக்கு."

"இத்தனை வருஷம் கேக்காம இப்போ கேக்கீங்க."

"இத்தனை வருஷமும் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். கணக்கு முடிஞ்சதும் யோசனை வந்துட்டு." கோமதிநாயகம் குரலைத் தாழ்த்தினார். "நான் கழற்றிப் பாக்காத எதையும் நம்பினவன் இல்ல. புரோட்டானைக் கழற்றலாமான்னு கேட்டா, உள்ள மூணு இருக்கு, வெளியே எடுக்க வராதுங்கீங்க. போட்டு இடிச்சாலும் தனியா வராது, ஒரு ஜோடியைச் சேத்துக்கிட்டு மேசானாத்தான் வரும்ங்கீங்க. சரி, அந்த மேசானையாவது பிரிங்கன்னா, அது ரெண்டு மேசானா ஆயிரும்ங்கீங்க. சட்டையைத் தனியாத் தரமாட்டோம், வேட்டியோட சேத்துத்தான் தருவோம்னு ஜவுளிக்கடைக்காரன் சொல்லுத மாதிரில்லா இருக்கு!"

"அப்படியும் சொல்லலாம்."

"குவார்க்குக்கு நிறம் இருக்குங்கீங்க. கண்ணுல படாத நிறம். சுவைங்கீங்க. நக்கிப் பாக்க முடியாத சுவை. என்னைக் கேட்டா எல்லாம் பாடமாச் சொல்லுவேன் மேடம். வாய் சொல்லும். வயிறு சொல்ல மாட்டேங்குது."

"வயித்தை யார் கேக்கப் போறா?"

"தாமோதரன் சார் கேப்பாரே."

அது உண்மைதான். தேர்வாளராக வருபவர் பேராசிரியர் தாமோதரன். அதிகம் பேச மாட்டார். முடிகிற நேரத்தில் ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "நீங்கள் இதை நம்புகிறீர்களா?" அவ்வளவுதான். முந்தைய வருஷம் ஒரு பையன் கேள்வி முடிவதற்குள் "யெஸ் சார்" என்றான். இன்னொரு வருஷம் வேலை செய்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். அதைக் கேள்விப்பட்ட அடுத்த பையன் புத்திசாலித்தனமாக "நோ சார்" என்றான். அவனையும் அனுப்பிவிட்டார்.

"இன்னொரு வருஷம்னா எனக்கு நீட்டிப்பு கிடையாது மேடம். பதிவே போயிரும்."

"தெரியும் சார்."

"வீட்டுல சண்முகத்தாய் வேற மகள் கல்யாணப் பத்திரிகையை அடிச்சு முடிச்சுட்டா. எம்பேருக்கு முன்னாடி முனைவர்னு போட்டுட்டா. சம்பந்தி பேருக்கு முன்னாடி முனைவர் இருக்காம், நம்ம பேரு மொட்டையா இருந்தா நல்லா இருக்காதாம். கட்டுக்கட்டாக் கெடக்கு."

"அப்போ நம்புறேன்னு சொல்லிருங்க."

"பொய் சொல்லி வாங்கின முனைவரை மகள் பத்திரிகையில வைக்க மாட்டேன் மேடம். ஒவ்வொண்ணா பேனாவால அடிச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். அதுக்குக் கல்யாணமே முடிஞ்சிரும்."

ஜெசிந்தா ஜன்னல் வழியாக டீக்கடையைப் பார்த்தார்.

"டீ குடிச்சாச்சா சார்?"

"ரெண்டு தடவை குடிச்சாச்சு மேடம். டம்ளர் காலியாகுற வரைக்கும் குடிச்சுட்டேன். ஒண்ணும் வரலை."

இதற்கு முன் டீ தோற்றதில்லை. ஜெசிந்தாவே கொஞ்சம் ஆச்சரியப்பட்டதாகத்தான் சொல்கிறார்கள்.

"சரி, வைவாவுக்கு உங்க பக்கத்துல யாரு வாரா?"

வைவா முடிந்து முடிவு அறிவித்ததும், மாணவரின் வீட்டார் தேர்வாளருக்கும் வழிகாட்டிக்கும் பொன்னாடை போர்த்துவார்கள். அந்தத் துறையில் அது வழக்கம். சமன்பாடு தப்பினாலும் பொன்னாடை தப்பாது.

"சண்முகத்தாய் பத்திரிகை வைக்கப் போயிருவா. மச்சினமாரைத்தான் கூப்பிடணும். புளியங்குடியில எலுமிச்சை மண்டி வச்சிருக்காங்க. மூணு பேரு. பூசைப்பாண்டி, சுடலையாண்டி, இருளப்பன். ஒரே வீடு. ஒரே மண்டி."

"ஒத்துமையா இருப்பாங்களோ?"

"ஒத்துமையா? வீட்டுக்குள்ள போனா மூணும் மூணு மூலையில கெடக்கும் மேடம். ஒருத்தன் டிவி பாப்பான், ஒருத்தன் பேப்பர் படிப்பான், ஒருத்தன் பல்லு குத்துவான். ஒருத்தனை ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்க மாட்டான். அவனவன் பாடு அவனவனுக்கு."

"பக்கத்துல இருக்கும்போது அவங்கவங்க இஷ்டம்."

"ஆமா மேடம். ஆளும் மூணும் நோஞ்சான். மூணையும் தராசுல ஏத்தினா ஒரு மூடை எலுமிச்சங்காய்க்குக் காணாது. ஆனா மண்டிக்குள்ள எந்த வியாபாரியும் குரலை ஒசத்திப் பேச மாட்டான். என்னத்துக்குப் பயப்படுதானோ தெரியாது."

ஜெசிந்தாவின் முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது.

"மூணு பேருல நல்லவர் யாரு?"

"இளையவன். இருளப்பன். தங்கமான பய."

"அவரை மட்டும் கூட்டிட்டு வாங்க சார்."

"மத்த ரெண்டு பேரும்?"

"வேண்டாம். இருளப்பன் மட்டும். தனியா."

"அவ்வளவுதானே? கூட்டிட்டு வாரேன். எங் கேள்விக்குப் பதிலு?"

"வைவாவுக்கு முன்னாடி கொண்டுவந்துருங்க."

"பதிலையா மேடம்?"

"இருளப்பனை."

கோமதிநாயகம் அறையை விட்டு வெளியே வந்தார். வழியில் இன்னொரு டீ குடித்தார். அதுவும் உதவவில்லை.

வைவா நாளும் வந்தது; நேரம் மத்தியானம். கோமதிநாயகம் காலையிலேயே புளியங்குடிக்குப் போய்விட்டார்.

வீட்டில் அவர் சொன்னபடியே மூன்று பேரும் மூன்று மூலையில் கிடந்தார்கள்.

"வாங்கத்தான்" என்றார் மூத்தவர் பூசைப்பாண்டி, டிவியைப் பார்த்துக்கொண்டே.

"வாங்கத்தான்" என்றார் நடுவில் உள்ள சுடலையாண்டி, பேப்பருக்குள் இருந்து.

இளையவர் இருளப்பன் பல்குச்சியை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

கோமதிநாயகம் விஷயத்தைச் சொன்னார். "இடம் சின்ன ஹாலு. அதனால இருளப்பன் மட்டும் வந்தாப் போதும்."

சங்கடமான பேச்சு வரும் என்று அவர் பயந்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"அதுக்கென்னத்தான், கூட்டிட்டுப் போங்க" என்றார் பூசைப்பாண்டி.

"தாராளமா" என்றார் சுடலையாண்டி.

இருளப்பன் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு சுலபமா என்று கோமதிநாயகத்துக்குக் குருவின் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

வாசற்படி தாண்டினார்கள்.

"சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று உள்ளிருந்து மூத்தவரின் குரல் வந்தது.

"பஸ்ஸுல போறவன் வெறும் வயித்தோட போறதுதான் நல்லது" என்று நடு ஆளின் குரல் வந்தது.

"அவன் வயிறு எனக்குத் தெரியும்ல."

"எனக்குத் தெரியாதோ?"

கோமதிநாயகம் இருளப்பனின் கையைப் பிடித்து விறுவிறுவென்று நடந்தார். தெருமுனை வந்தது. பின்னால் சுடலையாண்டி குடையோடு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் பூசைப்பாண்டி ஒரு தூக்குவாளியோடு ஓடிவந்தார்.

"வெயிலடிக்கு. குடையைப் பிடில."

"குடையைப் பிடிச்சா வாளியை எந்தக் கையில பிடிப்பான்? ஆளைப் போகவிடாம ஏன் மறிக்கே?"

"நானா மறிக்கேன்? நீதாம்ல வாளியைக் கொண்டாந்து மறிக்கே!"

"ரெண்டும் வேண்டாம்ணே" என்றார் இருளப்பன்.

"நீ சும்மா இரு!" இதில் மட்டும் இரண்டு அண்ணன்மாரும் ஒன்றாகப் பேசினார்கள்.

தெருமுனையில் இவ்வளவு என்றால் பஸ் ஸ்டாண்டில் கேட்கவே வேண்டாம். வீட்டை விட்டுத் தூரம் போகப் போகச் சத்தம் கூடியது. வீட்டுக்குள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத மனுஷர்கள், பஸ் ஸ்டாண்டில் சட்டைப் பொத்தான் அவிழ நின்றார்கள். தம்பியை ஒழுங்காக வழியனுப்பத் தெரியாதவன் யார் என்பதுதான் வழக்கு. போகக் கூடாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. "போயிட்டு வால" என்றுதான் இருவரும் கத்தினார்கள். கத்தக் கத்த இருளப்பனால் ஓர் அடி நகர முடியவில்லை. கோமதிநாயகம் தோள்பட்டை தெறிக்க அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

நம் ஊரில் சண்டை ஓரளவுக்கு மேல் முற்றினால் சமாதானம் பேச இரண்டு பேர் முளைப்பார்கள். அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. அதுவரை அவர்கள் எங்கே இருந்தார்கள் என்றும் தெரியாது. இங்கேயும் முளைத்தார்கள். ஒருவர் ஒல்லி, ஒருவர் தடி.

"விடுங்க அண்ணாச்சி, பொது இடம்" என்று ஒல்லி ஆள் பூசைப்பாண்டியின் தோளில் கையைப் போட்டார்.

"நீங்க ஏறுங்க தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்று தடி ஆள் இருளப்பனின் தோளில் கையைப் போட்டார்.

பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். பட்டென்று எல்லாம் அறுந்தது.

பஸ்ஸுக்குள் மூச்சு வாங்க உட்கார்ந்து கோமதிநாயகம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒல்லி ஆள் இரண்டு அண்ணன்மாருக்கும் நடுவில் நடந்து வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அந்தச் சண்டையே நடக்காதது போல இருந்தது. சரி, ஒருவழியாக ஜெயித்தோம் என்று திரும்பினார்.

இருளப்பன் பக்கத்தில் தடி ஆள் உட்கார்ந்திருந்தார். தூக்குவாளி அவர் மடியில் இருந்தது.

"இவரு யாருல?"

"தெரியலைத்தான். கூட ஏறிட்டாரு."

"அண்ணாச்சி, உங்களுக்கு எங்க போகணும்?"

"எனக்கா? எனக்கு எங்கேயும் போகண்டாம்" என்றார் தடி ஆள். பெயர் பரமன் என்றார். "தம்பி தனியாப் போவுதேன்னுதான்."

"அவன் தனியாத்தான் போகணும் அண்ணாச்சி!"

"அது எப்படி? பெரியவருகிட்ட நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன்லா?"

கடையநல்லூர் வந்தது. கோமதிநாயகம் நயமாகப் பேசினார். "அண்ணாச்சி, இங்க எறங்கி ஒரு காப்பியைக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல ஊருக்குப் போங்க."

பரமனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னை எறக்கி விடுதேரா? நல்ல மனசுல வந்தவனை நடுவழியில எறக்கி விடுதேரா?"

"வந்தவரை எறக்கி விடுறது நல்லா இல்லத்தான்" என்றார் இருளப்பன்.

"அவர் வாரது நல்லா இல்லடே!"

பரமன் வாசலில், இருளப்பன் ஸீட்டில். கோமதிநாயகம் ஒருவரைத் தள்ளினார். மற்றவரை அமுக்கினார். சத்தம் டிரைவர் வரைக்கும் போனது. பின் ஸீட்டில் கருப்பட்டி நிறைந்த ஓலைக் கடகத்தோடு இருந்த ஓர் அம்மா எழுந்தார். முன் ஸீட்டில் இருந்த ஒரு மீசைக்காரர் எழுந்தார்.

"பெரிய மனுஷனை இப்படியா பேசுறது? நீங்க வாங்கண்ணே, எம் பக்கத்துல உக்காருங்க" என்று அந்த அம்மா பரமனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"பயப்படாதடே தம்பி" என்று மீசைக்காரர் இருளப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கோமதிநாயகம் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை யாரையும் எதுவும் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துறை வாசலில் ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தார். சீடன் வேர்த்து வடிந்து வந்தார். சட்டையின் ஒரு கை தையல் விட்டிருந்தது. பின்னால் இருளப்பனும் மீசைக்காரரும் ஒரு ஜோடியாக வந்தார்கள். அதற்குப் பின்னால் பரமனும் கருப்பட்டி அம்மாவும் ஒரு ஜோடியாக வந்தார்கள்.

"தோத்துட்டேன் மேடம்."

"எத்தனை பேரைக் கூப்பிட்டீங்க சார்?"

"ஒருத்தனை."

"எத்தனை பேர் வந்திருக்காங்க?"

"நாலு. நல்ல வேளை, நான் இழுக்கிறதை நிறுத்திட்டேன். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா கண்டக்டரும் டிரைவரும் வந்திருப்பாங்க. பஸ்ஸு அங்கேயே நின்னிருக்கும்."

"மண்டியில இப்போ யாரு இருக்கா?"

"போன் போட்டுக் கேட்டேன் மேடம். பூசைப்பாண்டி இருக்கான், சுடலையாண்டி இருக்கான். சமாதானம் பேச வந்த ஒரு ஒல்லி ஆளு இருளப்பன் எடத்துல உக்காந்து காய் பெறக்கிக்கிட்டு இருக்காராம். மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிடலையாம். அங்க மூணு. இங்க ரெண்டு..."

கோமதிநாயகம் நிறுத்திவிட்டார். பின்னால் நின்ற ஜோடிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு ரெண்டா..." என்றார் மறுபடியும்.

"உள்ள போங்க சார்" என்றார் ஜெசிந்தா. "தேர்வாளர் வந்தாச்சு."

ஹாலில் முன்வரிசையில் தாமோதரன் இருந்தார். நடுவில் வடைக்காக வந்த மாணவர்கள் இருந்தார்கள். பின்னால் பஸ்ஸில் வந்தவர்கள் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். கருப்பட்டி அம்மா கடகத்தை ஒரு நாற்காலியில் வைத்து, அதற்கும் மரியாதையாக இடம் பிடித்திருந்தார்.

கோமதிநாயகம் படங்களைப் போட்டு விளக்கினார். எண்களைச் சொன்னார். மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். எல்லாம் முடிந்தது. தாமோதரன் ஆய்வேட்டை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். ஹாலில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நீங்கள் இதை நம்புகிறீர்களா?"

கோமதிநாயகம் பின்வரிசையைப் பார்த்தார்.

"இன்னைக்குக் காலையில வரைக்கும் நம்பலை சார்."

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்போது?"

"இப்போ தோள்பட்டை வலிக்குது சார்."

மாணவர்கள் சிரித்தார்கள். தாமோதரன் சிரிக்கவில்லை. "விளக்கமாகச் சொல்லுங்கள்" என்றார்.

கோமதிநாயகம் சொன்னார். மூன்று மூலைகளைச் சொன்னார். வாசற்படியையும் தெருமுனையையும் பஸ் ஸ்டாண்டையும் சொன்னார். குடையையும் வாளியையும் சொன்னார். முளைத்த இரண்டு பேரைச் சொன்னார். கடையநல்லூரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாமோதரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அந்த ஒல்லி மனிதரும் பருமனான மனிதரும் முதலிலேயே அந்த வீட்டில் இருந்தார்களா?"

"இல்ல சார்."

"பிறகு எங்கிருந்து வந்தார்கள்?"

"நான் இழுத்த இழுப்புல இருந்து வந்தாங்க சார்."

"என்னய்யா, இழுத்தாராமே!" என்று பின்வரிசையில் பரமன் எழுந்தார். "நான் நல்ல மனசுல வந்தவன்!"

"இருங்கண்ணே, பரிட்சை நடக்கு" என்று கருப்பட்டி அம்மா அவரை உட்காரவைத்தார்.

தாமோதரன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சீடனைப் பார்த்தார்.

"இருளப்பனைத் தனியாக எப்போதாவது பார்த்தீர்களா?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல சார்."

"அப்படியென்றால் இருளப்பன் என்று ஒருவர் இருப்பதாக எப்படிச் சொல்கிறீர்கள்?"

இருளப்பனுக்கு ரோஷம் வந்து பாதி எழுந்தார். மீசைக்காரர் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இருளப்பன் இல்லைன்னா நான் எதை சார் இழுத்தேன்?"



"நல்லது" என்றார் தாமோதரன். "நீங்கள் ஒரு பக்கம் இழுத்தீர்கள். எதிர்ப்பக்கம் பிடித்து இழுத்தது யார்? மூத்தவரா?"

"அவன் போயிட்டு வான்னு சொன்னான் சார்."

"நடுவில் உள்ளவரா?"

"அவன் குடை கொடுத்தான்."

"அப்படியானால் இருளப்பனே வரமாட்டேன் என்றாரா?"

"இல்ல சார். நான் கேட்டு முடிக்குமுன்னே சட்டையை மாட்டினான்."

"மூன்று பேரும் விட்டுவிட்டார்கள். பிறகு யார்தான் பிடித்துக்கொண்டது?"

கோமதிநாயகம் ஆய்வேட்டைப் பார்த்தார். அதில் எழுதியிருந்த பதில் அவருக்குப் பாடம். முந்நூறு தரம் சொல்லிப் பார்த்த பதில். அது வாயில் வரவில்லை. தோளைத் தடவிக்கொண்டார்.

"அந்த வீட்டுல இருந்து மூணு பேரையும் கழிச்சுட்டா மிச்சம் ஒண்ணும் இருக்காதுன்னு இவ்வளவு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார்."

"இருக்கிறதா?"

"மிச்சம்தான் சார் கனம். அவங்க மூணு பேரும் நூத்துல ஒரு பங்கு. நான் இழுத்தது மிச்சத்தை."

தாமோதரன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பேனாவைத் திறந்தார். அறிக்கைத் தாளைப் பார்த்தார். மறுபடி பேனாவை மூடினார். பிறகு வழிகாட்டி இருந்த பக்கம் திரும்பினார்.

"மேடம், பதில் சரி. நான் இதை அறிக்கையில் எழுதியாக வேண்டும். குடை, வாளி, கடையநல்லூர் இதெல்லாம் எழுத முடியாது. தோள்பட்டையையும் எழுத முடியாது. பதிலை மட்டும் தனியாக எடுத்துக் கொடுங்கள்."

ஜெசிந்தா எழுந்து நின்று கோமதிநாயகத்தைக் காட்டினார்.

"தனியா எடுக்க வராது சார். இவரையும் சேத்துத்தான் எடுத்துக்கணும்."